அலுவலகத்திலேயே வளர்ந்த ஆர்பிசி நிரலகம்: திருத்துவதா, தூக்கிவிடுவதா?

சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள நடுத்தரச் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றும் 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

2012இல் துவாஸ் கிடங்கில் ஓடிய நிரல், அலுவலகத்தில் ஓடிய கட்டணப் பட்டியல் நிரலைக் கேட்டு உடனே பதில் பெற வேண்டியிருந்தது. வாசகி இரண்டு வார இறுதிகளில் உட்கார்ந்து ஜாவா மொழியில் ஒரு சிறிய ஆர்பிசி நிரலகத்தை, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரியை, எழுதிக் கொடுத்தார். ஒரு கணினியில் ஓடும் நிரல், வேறொரு கணினியில் இருக்கும் செயற்கூற்றைத் தன்னுடையதைப் போலவே அழைத்துப் பயன்படுத்த வழிசெய்வதுதான் ஆர்பிசி என்னும் தொலைச் செயல்முறை அழைப்பு. 2014இல் பாதைத் திட்டமிடலுக்குப் பைதான் மொழி தெரிந்த குழு வந்தபோது, எந்த மொழியிலும் படிக்கக்கூடிய ஜேசன் என்ற உரை வடிவம் சேர்ந்தது. 2016இல், பதில் வராமல் தொங்கிக்கொண்டிருக்கும் அழைப்புகளைத் துண்டிக்க 30 விநாடிக் காலக்கெடு சேர்ந்தது. 2018இல், தவறிய அழைப்பை நிரலகமே மூன்று முறை முயன்று பார்க்கும் வசதி சேர்ந்தது. அந்த ஆண்டே ஒரு வாடிக்கையாளருக்கு 4,800 வெள்ளிக்கான ரசீது இரண்டு முறை போனது. 2020இல் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது, அழைப்பவர் யார் என்று ஒவ்வொரு சேவைக்கும், அதாவது தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும், தெரிய வேண்டியிருந்தது. அழைப்புச் செய்தியில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ‘குறிப்பு’ என்ற புலத்தில் ஊழியரின் அடையாள அட்டை எண்ணை வைத்து அனுப்பினார்கள். அவசரத்துக்குச் செய்தது அப்படியே நின்றுவிட்டது.

இன்று 63 சேவைகள் இந்த நிரலகத்தின் ஐந்து பதிப்புகளைப் பயன்படுத்துகின்றன. அதன் உள்ளமைப்பு தெரிந்த மூவரில் இருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்திருக்கும் பிரிவுத் தலைவர், ஒன்பது மாதத்தில் எல்லாவற்றையும், கூகுள் வெளியிட்ட திறமூல ஆர்பிசியான ஜிஆர்பிசிக்கு மாற்றச் சொல்கிறார். வாசகிக்கோ ஆறாம் பதிப்பைத் தாமே அடியிலிருந்து சுத்தமாக எழுதிவிட ஆசை. இரண்டில் எது சரி, தாம் எழுதிய நிரலகத்தை, யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறமூலமாக வெளியிட உரிமை உண்டா, அது போய்விட்டால் தம் வேலையும் போகுமா என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் இளம் சக ஊழியர் ஒருவர் திரையில் நிரலைக் காட்டி, “இதை யார் எழுதினார்கள்?” என்று சிரித்தாராம். வாசகி வாய் திறக்கவில்லை.

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கூட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். திரையில் அன்று எந்த இடத்தைக் காட்டினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வரும் செய்தியின் முதல் பைட்டைப் பார்த்து, அது நெளிவு அடைப்புக்குறியாக இருந்தால் ஜேசன் என்றும், ஏசி (AC) என்ற பதினாறடிமான எண்ணாக இருந்தால் பழைய ஜாவா பொருள் என்றும் பிரித்து அனுப்பும் பத்து வரி. ஜாவா தன் பொருள்களைப் பைட்டுகளாக மாற்றும்போது அந்தப் பைட் வரிசை எப்போதும் ஏசி, ஈடி, 00, 05 என்றுதான் தொடங்கும். ஜேசன் பொருள் அப்படித் தொடங்க வழியே இல்லை. துவாஸ் கிடங்கை ஒரு நாளும் நிறுத்தாமல் பைதான் குழுவை அதே போர்ட்டில், அதாவது சர்வரின் அதே இணைப்பு வாசலில், சேர்த்துக்கொள்ள 2014இல் உங்கள் கையில் இருந்த வழி அது. பார்க்க அழகாக இல்லை, ஆனால் தவறும் இல்லை. அந்தப் பத்து வரிக்கு மேலே ஏன் என்று ஒரு வரி எழுதி வைக்காததுதான் குறை. அதை இன்றைக்கே எழுதிவிடலாம்.

இந்த வகை நிரலகங்கள் இப்படித்தான் வளர்கின்றன. கூகுள் தன் சேவைகளை இணைக்க 2001 வாக்கிலிருந்து ஸ்டப்பி என்ற உள்வீட்டு ஆர்பிசியைப் பயன்படுத்தி வந்தது. 2015இல் ஜிஆர்பிசியை வெளியிட்டபோது ஸ்டப்பியை அப்படியே தரவில்லை. அது எந்தத் தரத்தையும் தழுவாமல், நிறுவனத்தின் உள் கட்டமைப்போடு மிக இறுகப் பிணைந்திருந்ததால் வெளியே கொடுக்கத் தக்கதல்ல என்று அவர்களே சொல்லிப் புதிதாக எழுதினார்கள். அதனுடன் வரும், செய்திகளின் வடிவத்தை வரையறுத்துப் பைட்டுகளாக மாற்றும் புரோட்டோபஃப் 2008இல் வெளியானபோதே அதன் பெயர் இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பு அலுவலகத்தைத் தாண்டி வந்ததே இல்லை. உங்கள் பிரிவுத் தலைவர் கொண்டுவர விரும்பும் கருவியும் ஒரு காலத்தில் யாரோ வெளியே காட்டத் தயங்கிய நிரலின் அடுத்த பிறவிதான்.

நீங்கள் கேட்காத கேள்வி

நீங்கள் கேட்ட எதையும்விட அவசரமான ஒன்று கடிதத்தின் நடுவில் ஒற்றை வரியாகக் கிடக்கிறது. ‘குறிப்பு’ என்ற புலம் முதலில் பிழை தேடுவதற்காக வைக்கப்பட்டது என்றும், அதனால் ஒவ்வொரு சேவையும் அதை, நடந்ததைப் பதிந்து வைக்கும் தன் லாக் கோப்பில் அச்சிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2020இலிருந்து உங்கள் ஊழியர்களின், ஓட்டுநர்களின் அடையாள அட்டை எண்கள் 63 சேவைகளின் லாக் கோப்புகளில், அவற்றின் காப்புப் பிரதிகளில், வெளி நிறுவனம் ஏதாவது அந்த லாக்குகளைத் திரட்டுகிறதென்றால் அங்கும், திறந்து கிடக்கின்றன. சம்பளக் கணக்குக்காக நிறுவனம் அந்த எண்ணை வைத்திருப்பது வேறு. அழைப்பவர் இன்னார் என்பதற்கு அதையே சான்றாக ஏற்பது முற்றிலும் வேறு. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் 2025 ஜூனில், ஒருவரை உறுதிப்படுத்த அடையாள அட்டை எண்ணைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு தனியார் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தின. அந்த எண் தெரிந்த எவரும் உங்கள் கட்டணச் சேவையை இன்னொருவர் பெயரில் அழைக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதல் பதிப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. வெளியிலிருந்து வரும் ஜாவாப் பொருளை அப்படியே திறப்பது, அனுப்பியவர் விரும்பிய நிரலை உங்கள் சர்வரில் ஓடவிடுவதில் முடியலாம் என்பது 2015இல் அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்ற ஜாவா நிரலகத்தை வைத்துப் பகிரங்கமாகவே காட்டப்பட்டது. அதற்குப் பிறகு ஜாவா 9இல், இன்னின்ன வகைப் பொருள்களை மட்டும் ஏற்கலாம் என்று பட்டியலிடும் வடிகட்டி வந்தது. ஜாவா 8இன் பிந்தைய திருத்தங்களிலும் அது கிடைக்கும்.

ஆகவே அந்தப் புலத்தை அச்சிடுவதை நிறுத்துவதும், பழைய லாக்குகளை என்ன செய்வது என்று நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்பதும், வடிகட்டியை மாட்டுவதும் இந்த மாத வேலைகள். ஜிஆர்பிசி விவாதம் முடியும் வரை இவை காத்திருக்கக் கூடாது. பிரிவுத் தலைவரிடம் இதை நீங்களே போய்ச் சொல்லுங்கள். வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் சொல்வது உங்களுக்கும் நல்லது.

மறுமுயற்சி பழுதல்ல, வாக்கு மாறியதுதான் பழுது

இரட்டை ரசீதைப் பற்றி “மறுமுயற்சியில் ஏதோ பக் இருந்தது, சரிசெய்துவிட்டோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. 1984இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆண்ட்ரூ பிரெல்லும் புரூஸ் நெல்சனும் தங்கள் ஆர்பிசியை விவரித்த கட்டுரையிலேயே ஒரு வாக்கு தெளிவாக இருக்கிறது: பதில் வந்தால் வேலை சரியாக ஒருமுறை நடந்தது, பிழை வந்தால் ஒருமுறை நடந்திருக்கலாம் அல்லது நடக்காமலே இருந்திருக்கலாம், எது என்று அழைத்தவருக்குத் தெரியாது. உங்கள் 2012 பதிப்பும் சொல்லாமலே அந்த வாக்கைத்தான் காத்து வந்தது. 2018இல் மறுமுயற்சியை நிரலகத்துக்குள் வைத்ததும், செயற்கூறுகளின் பெயரோ வடிவமோ மாறாமலே, ‘அதிகபட்சம் ஒருமுறை’ என்பது ‘ஒருமுறையோ பலமுறையோ’ என்று ஆகிவிட்டது. ரசீது போடும் சேவை வேலையை முடித்துவிட்டு, பதிலை மட்டும் 31ஆம் விநாடியில் அனுப்பியிருக்கும். அதற்குள் இரண்டாவது கோரிக்கை வந்து நின்றிருக்கும். அந்த ஒரு சேவையைத் திருத்திவிட்டீர்கள், சரி. இதே நிலையில் இன்னும் எத்தனை சேவைகள் இருக்கின்றன?

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். இணையவாசல் சேவை பாதைச் சேவையை அழைக்கிறது, அது கட்டணச் சேவையை அழைக்கிறது, அது தரவுச் சேவையை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடுக்கும் மும்மூன்று முறை முயன்றால், தரவுச் சேவை தடுமாறும் வேளையில் ஒரு பயனரின் ஒரு சொடுக்கு அதன் தலையில் 27 கோரிக்கைகளாக விழும். மேல் அடுக்கு 30 விநாடியில் கைவிட்ட பிறகும் கீழ் அடுக்குகள், யாருமே காத்திராத பதிலுக்காக உழைத்துக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் எல்லாமே ஒரே நேரத்தில் படுத்துவிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

மருந்து சிக்கலானதன்று. மறுமுயற்சியை இயல்பு நிலையில் நிறுத்திவையுங்கள். வெறுமனே விவரம் கேட்கும் அழைப்புகளுக்கு மட்டும், அதுவும் ஓர் அடுக்கில் மட்டும், அனுமதியுங்கள். பணத்தையோ சரக்கையோ தொடும் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் அழைப்பவரே ஒரு கோரிக்கை எண் தரட்டும். அதே எண் மறுபடி வந்தால் சேவை வேலையைத் திரும்பச் செய்யாமல் முன்பு கொடுத்த பதிலையே கொடுக்கட்டும். காலக்கெடுவை அடுக்குக்கு 30 விநாடி என்று வைக்காமல், மொத்தத்தில் இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று கீழே அனுப்புங்கள்.

ஜிஆர்பிசி எதைத் தரும், எதைத் தராது

உங்கள் தலைவரின் விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. பல மொழிகளுக்கும் ஒரே வரையறைக் கோப்பு, மிச்ச நேரத்தைக் கீழே கடத்தும் ஏற்பாடு, அழைப்பு எப்படி முடிந்தது என்று சொல்லும் 17 நிலைக் குறியீடுகள், எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் விடுப்பில் போனாலும் விடை தேட உலகம் முழுவதும் ஆட்கள்: இவை சிறிய லாபங்கள் அல்ல. நீங்கள் ஒருவரே பராமரிக்கும் நிரலகம் நிறுவனத்துக்கு ஆபத்து என்று அவர் நினைத்தால், அது உங்களைக் குறைத்துப் பேசுவதாகாது.

ஆனால் உங்கள் குறைகள் மாறியவுடன் தாமாகத் தீர்ந்துவிடும் என்று அவர் எண்ணினால் அது தவறு. ஜிஆர்பிசியில் நாமாக வைக்காவிட்டால் காலக்கெடுவே கிடையாது. ஒரு செய்தியை ஏற்பதற்கான இயல்பு வரம்பு 4 எம்பி. ஸ்கேன் செய்த சுங்க ஆவணங்களைச் சரக்குப் பட்டியலோடு சேர்த்து அனுப்பும் சேவை உங்களிடம் இருந்தால் முதல் நாளே முட்டி நிற்கும். ஒரே இணைப்பில் ஆயிரக்கணக்கான அழைப்புகள் ஓடுவதால், இணைப்புகளை மட்டும் பங்கிடும் சாதாரண லோடு பேலன்சருக்குப் பின்னால் நீங்கள் புதிதாகச் சேர்க்கும் சர்வர் சும்மா உட்கார்ந்திருக்கும். பழையது மூச்சு வாங்கும்.

இதைவிட நுட்பமானது ‘இல்லை’ என்பதற்கும் ‘பூஜ்யம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. புரோட்டோபஃப்பின் மூன்றாம் பதிப்பில் எண் புலத்துக்கு மதிப்பே வராவிட்டாலும் 0 என்றுதான் படிக்கப்படும். ஆப்ஷனல் என்ற குறியைப் பிற்பாடு திரும்பச் சேர்த்தார்கள். அதைப் போட்டால்தான் வேறுபாடு தெரியும். உங்கள் நிறுவனத்தில் ‘கட்டணம் இன்னும் கணக்கிடப்படவில்லை’ என்பதும் ‘இந்த வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை’ என்பதும் வெவ்வேறு செய்திகள் அல்லவா? வரையறைக் கோப்பு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல அங்கே உங்களைத் தவிர ஆள் இல்லை.

‘குறிப்பு’ புலத்துக்கு நேர்ந்ததைப் புதிய இடத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். புரோட்டோபஃப்பில் நீக்கிய புலத்தின் எண்ணை ஒதுக்கி வைக்க வேண்டும், மறுபடி எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. பழைய இடத்தைப் புது வேலைக்கு எடுப்பதன் விலையை 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் கொடுத்தது: கைவிட்ட வசதி ஒன்றின் குறியைப் புதிய வசதிக்குப் பயன்படுத்தினார்கள், எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரலை ஏற்றத் தவறினார்கள், அந்த ஒன்றில் பழைய வசதி விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி அமெரிக்க டாலர் போயிற்று.

ஆறாம் பதிப்பு ஆசை

அடியிலிருந்து எழுதினால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்கிறீர்கள். நிரலை முடித்துவிடுவீர்கள், அதில் எனக்கு ஐயமில்லை. நானும் ஒரு காலத்தில் ஒரு நிறுவனத்தில் அப்படி எழுதியவன்தான். எல்லாச் சோதனைகளும் தேறின. பழைய நிரலகம், அனுப்ப எதுவும் இல்லாதபோது பட்டியலையே அனுப்பாமல் விட்டுவிடும். என்னுடையது ஒழுங்காகக் காலிப் பட்டியலை அனுப்பியது. காலிப் பட்டியல் வந்தால் ‘இன்றைய வேலை முடிந்தது’ என்று எடுத்துக்கொள்ளும் சேவை ஒன்று இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவு முழுவதும் ஓர் அறிவிப்புகூடப் போகவில்லை. எந்த ஆவணத்திலும் இல்லாத அந்த நடத்தையை நம்பித்தான் அவர்கள் ஐந்து ஆண்டுகள் பிழைத்திருந்தார்கள்.

63 சேவைகள் நம்பியிருப்பது நீங்கள் எழுதிய நிரலை அன்று, கம்பியில் போகும் பைட்டுகளையும் அதன் பழக்கவழக்கங்களையும்தான். ஆகவே எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றே: எந்தச் சேவை எதை, எந்தப் பதிப்பில், ஒரு நாளைக்கு எத்தனை முறை அழைக்கிறது என்று ஓர் அட்டவணை, அதன் பக்கத்தில் ஐந்து பதிப்புகளும் உண்மையில் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஒரு குறிப்பு. அடையாள எண்களை நீக்கிவிட்டு ஒரு வார அழைப்புகளைப் பதிவு செய்து வைத்தால், பிறகு எந்தப் புதிய நிரலுக்கும் அதையே ஊட்டிப் பதில்களை ஒப்பிடலாம்.

அதன்பின் நான் விரும்பும் வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் நிரலகத்தின் செயற்கூறுகளை வெளியே அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே அழைப்பு ஜிஆர்பிசி வழியாகப் போகும்படி மாற்றுங்கள். குழுக்கள் தங்கள் நிரலைத் திருத்த வேண்டாம், நிரலகப் பதிப்பை மட்டும் உயர்த்தினால் போதும். சர்வர் பக்கத்தில், அன்று சிரிப்புக்கு ஆளான முதல் பைட் சோதனையை இன்னும் ஒரு வரி நீட்டினால் மூன்றாவது வடிவத்தையும் பிரித்தறியலாம். ஜிஆர்பிசி பயன்படுத்தும் எச்டிடிபி/2 இணைப்பு எப்போதும் ‘பி’ (P) என்ற ஆங்கில எழுத்தில்தான் தொடங்கும், மறையாக்கத்தோடு வந்தால் முதல் பைட் 22. ஒரே போர்ட்டில் மூன்றையும் வைப்பது சாமர்த்தியம்தான், என்றாலும் என் வயதில் நான் தனிப் போர்ட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். முதலில் மாற்றுவது கொள்கலன் எங்கே இருக்கிறது என்று கேட்பது போன்ற, எதையும் மாற்றாத அழைப்பாக இருக்கட்டும். கட்டணம் கடைசியில் வரட்டும்.

ஒன்பது மாதத்தில் 63 சேவைகளும் மாறும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலிரண்டு பதிப்புகள் முழுவதும் ஒழியும், புதிய சேவைகள் எல்லாம் ஜிஆர்பிசியில் வரும், விவரம் கேட்கும் அழைப்புகள் மாறியிருக்கும் என்று எழுதிக் கொடுங்கள். அது நடக்கக்கூடியது, அளந்து காட்டவும் கூடியது.

நிரல் யாருடையது

நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் வேலை ஒப்பந்தத்தை ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். ஆயினும் வார இறுதியில் எழுதியதால் அது உங்களுடையது என்ற எண்ணத்தை இப்போதே கைவிடுவது நல்லது. வேலையின் பகுதியாக ஊழியர் எழுதிய நிரலின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியைச் சேரும். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்திலும் அப்படித்தான், நீங்கள் எழுதிய 2012இல் இருந்த பழைய சட்டத்திலும் அப்படித்தான். எந்தக் கிழமையில் எழுதினீர்கள் என்பதைவிட, எந்த வேலைக்காக எழுதினீர்கள் என்பதே பார்க்கப்படும். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு கோப்பைக்கூடச் சொந்தக் கணக்குக்கு நகலெடுக்காதீர்கள். நிறுவனத்தின் இரகசியங்களை வெளியிட்ட குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ளும். அனுமதி கிடைத்தாலும் முழு நிரலகத்தை வெளியிடுவதில் யாருக்கும் பெரிய பயன் இராது. பதிவு செய்த அழைப்புகளை ஊட்டி ஒப்பிடும் கருவியை நீங்கள் எழுதப்போகிறீர்கள் அல்லவா, அதைக் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் விவரமோ தொழில் இரகசியமோ இல்லாத கருவி என்பதால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

வேலை பற்றிய அச்சம்

மேலே சொன்ன வேலைகளைச் செய்ய உங்களைவிடப் பொருத்தமானவர் அங்கே இல்லை என்பதால், அடுத்த ஈராண்டுக்கு உங்கள் இடம் ஆடாது என்றே தோன்றுகிறது. ஆனாலும் உரிமையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் சம்பள வரம்பின்றி நிர்வாகிகளும் வேலை நியமனச் சட்டத்துக்குள் வருகிறார்கள். ஆட்குறைப்பு நேர்ந்தால், 10 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் ஊழியரிடம் தெரிவித்த ஐந்து வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். ஆட்குறைப்பு இழப்பீடு உங்கள் ஒப்பந்தத்தையும் பேச்சுவார்த்தையையும் பொறுத்தது. சேவை ஆண்டு ஒன்றுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம். நீங்கள் குடிமகள் என்றால், 40 வயதை எட்டியவர்களுக்கு 2024 மே முதல் கிடைக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை உங்கள் கணக்கில் இருக்கும்.

இரவு 2:10 மணி அழைப்பு

கடைசியாக, தினமும் இரவு 2:10 மணிக்கு இரண்டாம் பதிப்பில் ஒரே ஓர் அழைப்பு வருகிறது, யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சட்டென்று அடைத்துவிடாதீர்கள். எந்த முகவரியிலிருந்து வருகிறது, என்ன கேட்கிறது என்று முதலில் ஒரு மாதம் பதிவு செய்யுங்கள். மாத முடிவில் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும் சேவைகளும் உண்டு. ஆள் கிடைக்காவிட்டால் எல்லாக் குழுக்களுக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, ஒரே ஓர் இரவு மட்டும் அந்த அழைப்பை மறுத்து, பிழைச் செய்தியில் உங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணைப் போட்டுவையுங்கள். வெள்ளி இரவிலோ மாதக் கடைசி வாரத்திலோ வேண்டாம். செவ்வாய் இரவு செய்தால், புதன்கிழமை காலை எல்லாரும் வேலையில் இருக்கும்போது தொலைபேசி அடிக்கும்.